வடிவு கேட்ட ஆந்தை

பயப்படாதீர்கள், உயிர் இல்லை. பிளாஸ்டிக்தான், தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குள் ஸ்பிரிங் வைத்திருக்கிறான், அதனால் பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை ஆடும். உங்களையே பார்க்கிறதே என்று நினைக்காதீர்கள், அதற்கு ஆள் வித்தியாசம் கிடையாது. கண்டக்டரையும் அப்படித்தான் பார்த்தது. "என்னம்மா, இதுக்கு லக்கேஜ் போடவா, அரை டிக்கெட் போடவா?" என்று கேட்டாரே, உங்கள் காதில் விழுந்திருக்கும். "மடியிலதான இருக்கு? சீட் கேட்டுச்சுன்னா அப்ப போடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். ஆனால் நமக்கு முன்னால் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார், கவனித்தீர்களா? காலங்காலையில் ஆந்தை முகத்தில் விழிக்க யாருக்குத்தான் பிடிக்கும். துண்டு போட்டு மூடித்தான் கொண்டுவந்தேன். ஏறுகிற நெரிசலில் துண்டு எங்கேயோ போய்விட்டது.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? பாவூர்சத்திரமா? நான் தென்காசி. அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். முடியாவிட்டால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தென்காசியில் என் அண்ணன் மகள் இருக்கிறாள். பெயர் சிதம்பரவடிவு, கூப்பிடுவது வடிவு. அவள் முழுகாமல் இருக்கிறாள். மசக்கை. மற்றப் பெண்கள் புளியங்காய் கேட்பார்கள், நெல்லிக்காய் கேட்பார்கள். "ஏட்டி, நாக்குக்கு என்ன கேக்குது, சொல்லு, செஞ்சு எடுத்துட்டு வாரேன்" என்று போனில் கேட்டேன். "நாக்குக்கு ஒண்ணும் கேக்கல அத்தை. நம்ம ஆந்தை இருக்குல்லா, அதக் கொண்டு வாங்க" என்கிறாள்.

ஆந்தை! பிள்ளை உண்டாகியிருக்கிறவள் கேட்கிற பொருளா இது? ஆனால் மசக்கைக்காரி ஒன்றைக் கேட்டுக் கொடுக்காமல் விட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவள் நான். இருந்தாலும் காது விஷயம். காதில் மட்டும் நான் விளையாட மாட்டேன். எனக்குச் சோறு போட்டது காதுதான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தேன், தூத்துக்குடியில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் நம்பரைச் சொல்லிப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தலையில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் 'ஹலோ' சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், அந்த மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சாவா, பிரசவமா, கப்பல் வரவில்லையா, கல்யாணம் நின்றுவிட்டதா. காதலர்களும் பேசுவார்கள். உப்பு விலையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். ஒன்றுகூட என் காதுக்குத் தப்பியதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்: "ஆவுடைநாயகிகிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாதுப்பா."

அண்ணனும் மதினியும் அடுத்தடுத்துப் போன பிறகு வடிவை வளர்த்தது நான்தான். வேலையை விட்டு வந்ததும் ஊரில், எங்கள் பழைய வீட்டில், நானும் அவளும். ஊர் மேலச்செங்குளம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெரிய குளம், சின்ன ஊர். எங்கள் வீட்டுப் புறவாசலில்தான் செல்போன் டவர் நிற்கிறது. அண்ணன் உயிரோடிருக்கும்போது இடம் விட்டது. ஊருக்கு அது ஒன்றுதான்.

டவரால் ஒரு தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது. கேளுங்கள், வடிவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம் குளத்தங்கரையில் இருந்த சீமைக்கருவேலம் முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். நல்ல காரியம்தான். யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கார்த்திகை பிறந்ததும் சூறைக்குருவி வந்துவிட்டது. எங்கேயோ வடக்கே, மலையெல்லாம் தாண்டி, பனிக்குப் பயந்து வருகிற கூட்டம். தலையும் றெக்கையும் கறுப்பு, உடம்பு மட்டும் வெளிறிப்போன ரோஜா நிறம். வருஷா வருஷம் அந்தக் கருவேலங்காட்டில்தான் அடையும். வந்து பார்த்தது, காட்டைக் காணோம். சுற்றுமுற்றும் பார்த்தது. உயரமாக நின்றது எங்கள் டவர்.

சாயங்காலம் அது இறங்குகிற சத்தம் இருக்கிறதே, ஆயிரம் பெண்கள் ஒரே நேரத்தில் ஈரப் புடவையை உதறினாற்போல. இறங்கியதும் பேச ஆரம்பிக்கும். அப்பாடி! நூறு டிரங்க் லைன் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். ஒருவர் பேசுவது ஒருவருக்கும் புரியாது, ஆனால் ஒருவரும் வைக்க மாட்டார்கள்.

சத்தத்தை விடுங்கள். எச்சம். டவர் வெள்ளையாகிவிட்டது. கீழே பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதற்குள்தான் மெஷின் எல்லாம். பெட்டி சூடாகாமல் இருக்க ஒரு ஃபேன் ஓடும். ஃபேன் வாயில் இறகும் எச்சமும் போய் அடைத்துக்கொண்டால் பெட்டி கொதிக்கும். கொதித்தால் தானாகவே நின்றுவிடும். நின்றால் ஊரில் ஒரு போனும் பேசாது. உடனே என் வாசலில் கூட்டம்.

"எக்கா, டவர் போச்சு."

"நானா நிறுத்தினேன்?"

"உங்க வீட்டு டவர்தான?"

"என் வீட்டுக் குருவி இல்ல!"

இப்படி ஒரு நாளா, இரண்டு நாளா. மற்றவர்கள் போகட்டும், எனக்கே தலை போகிற காரியம். வடிவுக்கு அப்போதுதான் ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் என்ஜினீயர். குடும்பம் மதுரையில். இதைவிட நல்ல இடம் நான் தேடினாலும் கிடைக்காது. அவளை நல்லபடியாக ஒரு வீட்டில் சேர்த்துவிட்டால் அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. அதற்காகத்தான் அத்தனை வருஷமும். அந்த மாப்பிள்ளையின் அம்மா போன் செய்வார்கள். "நாங்க பொண்ணுகிட்ட எதிர்பாக்குறது என்னன்னா..." என்று ஆரம்பிப்பார்கள். கட். மறுநாள் மறுபடியும், "அன்னைக்குச் சொன்னேனில்ல, நாங்க எதிர்பாக்குறது..." கட். என்னதான் எதிர்பார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருக்கும்போது பெண் வீட்டில் போனை வைத்துவிட்டால் என்ன நினைப்பார்கள்? அந்த மஸ்கட் இடம் இந்தக் குருவிகளால் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருவிகளை எப்படியாவது ஓட்டியாக வேண்டும் என்று இறங்கினேன். பழைய சிடிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். வெயிலில் மினுமினுத்தது, பார்க்க அழகாக இருந்தது. குருவிகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தன. ஜிகினா நாடா கட்டினேன். எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். ஒரு வெடி போட்டால் எல்லாம் ஒரே வீச்சாகக் கிளம்பும், குளத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றும், எதையோ மறந்துவிட்டுப் போனதுபோல் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும்.

அப்போது டவரைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தவர்தான் பேச்சிமுத்து. நல்ல பையன். பையன் என்றால், முப்பது வயது இருக்கும். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு டவரில் ஏறுவது மாடிப்படி ஏறுவது மாதிரி இருக்கும். பெட்டியைத் துடைப்பார், ஃபேன் வாயில் ஒரு கம்பி வலை கட்டினார். சின்னக் கண் வலை, தினம் தட்டிவிட்டால் போதும் என்றார். அது சும்மா ஒரு வலை, அதை விடுங்கள். ஆனால் பொறுப்பைச் சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டால் உடனே வருவார். நான் கூப்பிடாத நாளிலும் வருவார். "இந்தப் பக்கமா வந்தேன் மேடம், பெட்டிய ஒரு பார்வ பாத்துட்டுப் போயிடலாம்னு." எந்தப் பக்கமாகப் போனாலும் எங்கள் ஊர் வழியில் வராது, அது குளத்தோடு முடிகிற ஊர். அப்படியும் வருவார். அவ்வளவு அக்கறை.

வடிவையும் சொல்ல வேண்டும். புறவாசல் பக்கமே எட்டிப் பார்க்காதவள், அந்த வருஷம்தான் பொறுப்பு வந்தது. வலையைத் தினமும் அவளே தட்டினாள். வீட்டுக்குள் சிக்னல் எப்படி இருக்கிறது, மொட்டை மாடியில் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துக் கம்பெனிக்கு அவளே போன் போட்டுச் சொல்வாள். மாடியில் நடந்துகொண்டே பேசுவாள். "இப்ப கேக்குதா? ம்... இப்ப?" என்று மெதுவாக. ஒரு மணி நேரம்கூட ஆகும். "என்னட்டி, இவ்வளவு நேரமா கம்ப்ளெய்ன்ட் சொல்லுத?" என்று கேட்டால், "அவுங்க நிறைய கேள்வி கேக்காங்க அத்தை" என்பாள். கம்பெனிக்காரர்கள் அப்படித்தான். ஒரு புகாரைக் கொடுத்தால் ஆயிரம் கேள்வி.

என் காலத்தில் அந்த மாதிரி ஒருவர் இருந்தார். சொல்லிவிடுகிறேன், மறந்துவிடும். ஒரு உப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு டியூட்டி. சரியாகக் கூப்பிடுவார், விருதுநகர் நம்பர் ஒன்று பதிவார். அந்த நம்பரை ஒரு நாளும் ஒருவரும் எடுத்ததில்லை. மணி அடிக்கும், அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. "பதில் இல்லை சார்" என்பேன். "பரவாயில்லைங்க, அடுத்த வெள்ளிக்கிழமை பாப்போம். நீங்க சாப்பிட்டீங்களா?" என்பார். அதெல்லாம் ஆபரேட்டரிடம் கேட்கிற கேள்வியா? "வேற நம்பர் வேணுமா சார்?" என்று கறாராகக் கேட்பேன். ஒருமுறை எனக்குக் காய்ச்சல், லீவு. கூட இருந்தவள் எடுத்திருக்கிறாள். "அவுங்க இல்லையா?" என்று கேட்டு, நம்பரைப் பதியாமலே வைத்துவிட்டாராம். என் சர்வீஸ் அப்படி. வேறு ஆள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் நானே சொல்லிவிட்டேன், "சார், அந்த வீட்ல யாருமே இல்லபோல இருக்கு. எடுக்காத நம்பருக்கு ஏன் வாரா வாரம் போடுறீங்க?" அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம், "வேற நம்பர் எனக்குத் தெரியாதுங்களே" என்றார். கொஞ்ச நாளில் எஸ்.டி.டி. வந்துவிட்டது. எல்லோரும் அவரவரே சுழற்றிக்கொண்டார்கள். அவரும் கூப்பிடவில்லை. விசித்திரமான மனிதர்.

எங்கே விட்டேன்? ஆமாம், ஆந்தை.

கம்பெனியின் பெரிய ஆபீசிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் இது. இதைப் பார்த்தால் குருவிகள் பயந்து ஓடிவிடுமாம். யோசனை சொன்னவர் எந்த ஊர்க்காரரோ, நம் ஊர்க்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பேச்சிமுத்து தயங்கினார். "மேடம், ஊருக்குள்ள ஆந்தைய வச்சா ஏதும் சொல்லுவாங்களோ?"

"தம்பி, நாம என்ன காட்டுமிராண்டிகளா? பொம்மைதான? ஏத்துங்க" என்றேன்.

ஏற்றினார். பாதி உயரத்தில் ஒரு கம்பியில் கிளாம்ப் போட்டு, நாலு போல்ட் முடுக்கி. கிழக்குப் பார்த்து வைத்தார். மறுநாள் காலை பலசரக்குக் கடை வேலாயுதம் வந்து நிற்கிறார், பல்கூடத் தேய்க்கவில்லை. "எக்கா, கடையத் தொறக்கேன், நேரா முழிச்சுப் பாக்குது. ஒரு கிராக்கி வரல. அதத் திருப்பி வைங்க, இல்லன்னா நான் கல்லாப்பெட்டிய உங்க வீட்ல கொண்டாந்து வச்சிருவேன்."

மேற்கே திருப்பினார். அந்தப் பக்கம் அம்மன் கோவில். பூசாரி நேரே வரவில்லை, ஆளனுப்பினார்: "அம்மனுக்கும் ஆந்தைக்கும் நேருக்கு நேர் பார்வை ஆகாதுன்னு சொல்லச் சொன்னாரு. மீறி வச்சா, அவுக பொறுப்பில்லையாம்." தெற்கே திருப்பினார். தெற்கு வீட்டு ஜெபக்கனி டீச்சர் சாயங்காலம் பைபிளும் கையுமாக வந்தார். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கையே கிடையாது பாத்துக்கிடுங்க. எங்க வேதத்துல இதுக்கெல்லாம் இடமில்ல."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"இருந்தாலும் எதுக்கு?"

ஒவ்வொரு தடவையும் பேச்சிமுத்து வந்து ஏற வேண்டும், போல்ட்டைக் கழற்ற வேண்டும், திருப்ப வேண்டும், முடுக்க வேண்டும். நான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவேன். வடிவு மோரோடு நிற்பாள். பாவம், அந்தப் பையன் முகம் சுளித்ததே இல்லை. ஒருநாள் வடிவுகூடக் கேட்டாள், "தென்கிழக்கு ஒண்ணு பாக்கி இருக்கே அத்தை, அதையும் வச்சுப் பாக்கலாமா?" என்று. அவளுக்கு விளையாட்டு.

கடைசியில் எனக்குத்தான் யோசனை வந்தது. வடக்கே குளம். அந்தப் பக்கம் ஒரு வீடு கிடையாது, ஒரு வாசல் கிடையாது. குருவி வருகிற திசையும் அதுதான். வடக்கே பார்த்து வைத்தோம். ஊர் அடங்கியது.

குருவிகளும் பயந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். முதல் நாள் டவருக்கு வரவே இல்லை. மறுநாள் மேல் கம்பியில் மட்டும். அப்புறம் ஒன்று தைரியமாக இதன் தலையிலேயே உட்கார்ந்தது. தலை ஆடவும் அதற்கு ஊஞ்சல் மாதிரி இருந்திருக்கிறது. பிறகு அதற்கு வரிசை. பாருங்கள், இந்தக் காது நுனியில் இன்னும் வெள்ளை போகவில்லை, புளி போட்டுக்கூடத் தேய்த்துவிட்டேன். ஆனால் பெட்டி அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. எல்லாம் ஆந்தையால்தான். "வலை கட்டினதாலதான் அத்தை" என்று வடிவு சொன்னாள். சின்னப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

சிக்னல் சரியானதும் மதுரை அம்மாள் முழுசாகப் பேசிவிட்டார்கள். தை பிறந்து நல்ல நாளில் பெண் பார்க்க வருகிறோம் என்று. மாப்பிள்ளை லீவில் வந்திருக்கிறார். அவர் மட்டும் அல்ல, அம்மா, அப்பா, பெரியம்மா, ஒரு வேன் நிறைய.

நான் வடிவிடம் கேட்டேன். கேட்காமல் செய்கிறவள் இல்லை நான். "உனக்குச் சம்மதந்தானட்டி?" "நீங்க சொன்னாச் சரி அத்தை" என்றாள். குரலில் ஒரு கலக்கம் இருந்தது. என் காதுக்குத் தப்புமா? மஸ்கட் தூரம் அல்லவா, என்னைப் பிரிய வேண்டுமே என்ற கலக்கம். எனக்கும் இல்லையா? ஆனால் அதைப் பார்த்தால் முடியுமா?

அன்றைக்குக் காலையிலிருந்தே அவள்தான் எல்லாம். கூடத்தில் நாற்காலி போட்டது அவள். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் சோபாவை வாசல் பார்த்துத்தான் எப்போதும் போட்டிருப்போம். அவள் அதை இழுத்துப் பின் ஜன்னலைப் பார்த்துப் போட்டாள். "அந்தப் பக்கந்தான் காத்து வரும் அத்தை." எவ்வளவு நிதானம் பாருங்கள். பேச்சிமுத்துவும் விடியற்காலையிலேயே வந்து டவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருந்தார். விசேஷ நாளில் சிக்னல் போய்விடக் கூடாது என்று. நான் சொல்லவே இல்லை, அவராகவே.

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலும் அப்படித்தானோ என்னவோ. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன கை அப்படியே நின்றது. கண் பின் ஜன்னலில். என்னடா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

இந்த ஆந்தை. வடக்கே குளத்தைப் பார்த்திருக்க வேண்டியது, எங்கள் வீட்டைப் பார்த்து, அந்த ஜன்னலுக்கு நேராக, கண்ணோடு கண். தையில் அடிக்கிற வாடைக்குத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடுகிறது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று.

பெரியம்மா எழுந்தார்கள். "எந்திரி தங்கச்சி." அவ்வளவுதான். ஒரு வேன் ஜனமும் செருப்பு மாட்டுவதற்குள் தெருவில் நின்றது. "பொம்மைங்க! குருவிக்கு வச்சதுங்க!" என்று நான் வேன் வரைக்கும் ஓடினேன். "பொம்மையோ நெசமோ, முகம் முகந்தானம்மா" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா. வேன் போய்விட்டது.

என் வாழ்நாளில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. புறவாசல் படியில், கேசரிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பேச்சிமுத்து வந்தார், யார் சொன்னார்களோ. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "காத்துல திரும்பியிருக்கும் அத்தை" என்றார். எப்போதும் 'மேடம்' என்பவர், அன்றைக்கு அதிர்ச்சியில் 'அத்தை' என்று வந்துவிட்டது. என் காது அதைக் கவனித்தது. நம் துக்கத்தை இப்படித் தன் துக்கமாக நினைக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குள் ஒன்று தோன்றியது. சொல்லுங்கள், யாருக்காவது தோன்றுமா? எனக்குத் தோன்றியது. மஸ்கட் எதற்கு? கண்ணெதிரே ஒரு பிள்ளை இருக்கிறான், குணம் தெரியும், கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஆனால் வடிவு சம்மதிக்க வேண்டுமே!

சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். "டவர்ல ஏறுறவரையா அத்தை? எனக்கு இஷ்டமில்ல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். ஒரு வாரம் மன்றாடினேன். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில், "உங்களுக்காகத்தான் அத்தை" என்று இறங்கி வந்தாள். நல்ல நேரம், விசாரித்தால் அவருடைய அம்மா வழியில் நமக்குத் தூரத்து உறவு. அதையும் வடிவுதான் சொன்னாள். அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, அதெல்லாம்கூட. "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "கம்ப்ளெய்ன்ட் குடுக்கும்போது பேச்சுவாக்குல சொன்னாங்க" என்றாள். வைகாசியில் கல்யாணம். நான் பார்த்து முடித்து வைத்த கல்யாணம் இது ஒன்றுதான். ஊரில் எல்லோரும் என் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு.

நீங்களும் சிரிக்கிறீர்களே. பஜ்ஜி விஷயத்துக்கா? எல்லோரும் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள்.

குருவிகள் பங்குனியில் போய்விட்டன. ஆந்தைக்குப் பயந்துதான். வெயில் வந்தால் தானாகவே போகும் என்று மருமகன் சொல்கிறார், சொல்லட்டும். அப்புறம் அவருக்குத் தென்காசிக்கு மாற்றல். இந்த வருஷமும் கார்த்திகையில் குருவி வந்தது. நான் தாம்பாளத்தை எடுக்கவில்லை. பெட்டிக்கு வலை இருக்கிறது, நின்றுபோகவில்லை. சாயங்காலம் வந்து இறங்கி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். நான் புறவாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை பாருங்கள்.

இதைக் கழற்றிக் கொடுத்தது புதிதாக வந்திருக்கிற ஆள். கொஞ்சம் வாய் நீளம். "நாலு போல்ட்டும்மா. துருவேறி, ஸ்பானரப் போட்டுத் தொங்க வேண்டியிருந்துச்சு. இதப் போயி காத்து திருப்புச்சுன்னு யாரும்மா சொன்னது?" என்கிறார். அந்த வருஷத்துக் காற்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வடிவு ஏன் கேட்கிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அவர்கள் இருக்கிற வீட்டில் டவரும் கிடையாது, குருவியும் கிடையாது. கேட்டேன். "சும்மா, அலமாரியில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணும்போல இருக்கு அத்தை" என்றாள். பின்னால் மருமகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பு. இரண்டு பேரும் ஒரே மூச்சில் சிரிக்கிறார்கள். லைனில் அப்படிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

இதோ, பாவூர்சத்திரம் வந்துவிட்டது. எழுந்துகொள்ளுங்கள், இங்கே ரொம்ப நேரம் நிறுத்த மாட்டார். பையை எடுத்துக்கொண்டீர்களா? என்ன? வெள்ளிக்கிழமைக்காரரா? பெயர் தெரியாது. ஆபரேட்டர் பெயரெல்லாம் கேட்கக் கூடாது. அந்த விருதுநகர் நம்பர் நினைவிருக்கிறது, ஆனால் அது டிபார்ட்மெண்ட் ரகசியம். பார்த்து, படி உயரம்.

ஏன் ஜன்னல் பக்கம் வந்து நிற்கிறீர்கள்? எதையாவது விட்டுவிட்டீர்களா? சொல்லுங்கள். டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமைக்காரர் என்ன? அவர் யாரிடம் பேசத்தான் கூப்பிட்டார் என்றா?

கேட்கவில்லை அம்மா.

இன்னொரு தரம் சொல்லாதீர்கள். பஸ் நகர்கிறது, எனக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டுங்கள், போதும். இந்த ஆந்தைக்கு வேண்டுமானால் கேட்டிருக்கும். பாருங்கள், உங்கள் பக்கமே திரும்பிக்கொண்டு, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறது.